72 சதவீதம் என்று அச்சடித்த தாள்: ஒரு முன்சேர்க்கை விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரம்பூரிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கையில் ஒரு மஞ்சள் பை. உட்கார்ந்ததும் அதிலிருந்து ஒரு வண்ணத் தாளை எடுத்து நீட்டினார். நகரத்தில் இருக்கும் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் கொடுத்தது. மகளின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி, அமெரிக்காவில் எல்லோரும் போட்டி போடும் ஒரு பல்கலைக்கழகத்தில் முன்சேர்க்கைக்கு (நவம்பரிலேயே விண்ணப்பித்து டிசம்பரில் விடை பெறும் முறை) 72 சதவீத வாய்ப்பு என்று பச்சை வட்டத்துக்குள் அச்சடித்திருந்தார்கள். விண்ணப்பம் போட்டுத் தர 1,80,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

"டீச்சர், 72 சதவீதம்னா கிட்டத்தட்ட கிடைச்ச மாதிரிதானே? நகையை வெச்சுக் கட்டிடலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. சில ஆண்டுகளாக வடசென்னைப் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கூட உட்கார்ந்து பார்க்கிறேன், பணம் வாங்குவதில்லை. அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். மாணவியின் பெயரும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களும் இதில் இல்லை. கணிப்பை எப்படிப் போட்டோம், அது எங்கே சரியாக வந்தது, எங்கே நான் கோட்டைவிட்டேன் என்பதையெல்லாம் முழுதாக எழுதுகிறேன். அந்தப் பச்சை வட்டம் இன்னும் பல வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மாணவி

அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம், கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. பத்தாம் வகுப்பில் 500-க்கு 489. பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் 600-க்கு 581. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பார்க்கும் 1600 மதிப்பெண் தேர்வான எஸ்.ஏ.டி.யை அப்போது இன்னும் எழுதவில்லை. ஆகஸ்டில் எழுதி 1430 எடுத்தாள், அக்டோபர் 5-ஆம் தேதி மறுபடி எழுதி 1490. அதில் கணிதம் 790, வாசிப்பும் எழுத்தும் 700. கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தாண்டி மண்டலத் தேர்வு வரை போயிருக்கிறாள், அதற்கு மேல் இல்லை. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே தையல். ஆண்டு வருமானம் எல்லாம் சேர்த்து 6,20,000 ரூபாய்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். மாநிலப் பாடத்திட்டம் என்றாலே வெளிநாட்டுக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது உதவியாகவே இருந்தது. நவம்பர் மாதம் முன்சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் ஒரு சி.பி.எஸ்.இ. மாணவர் கையில் பொதுத்தேர்வு மதிப்பெண் என்று இருப்பது பத்தாம் வகுப்பு மட்டும்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி போட்ட மதிப்பெண், பன்னிரண்டுக்குப் பள்ளியின் கணிப்பு. இவளிடமோ பிளஸ் ஒன்னுக்கும் அரசுத் தேர்வுத்துறை முத்திரை போட்ட பட்டியல் இருந்தது. அயல்நாட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த முத்திரை பேசும்.

பலவீனம் எஸ்.ஏ.டி.யில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த டார்ட்மவுத், யேல், பிரவுன் ஆகிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும், எஸ்.ஏ.டி. மதிப்பெண் கொடுத்துச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 1500-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. அந்த வாசலுக்கு இவள் பத்து மதிப்பெண் வெளியே நின்றாள். தேர்வு மதிப்பெண் இல்லாமலே போடலாம் என்ற கொரோனா காலச் சலுகையும் அந்த ஆண்டோடு போய்விட்டது. மூன்றுமே 2024 பிப்ரவரி, மார்ச்சில் அடுத்தடுத்து அறிவித்துத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன.

17, 14, 9

முன்சேர்க்கையில் இரண்டு வகை. ஏர்லி டிசிஷன் என்பது வாக்குக் கொடுப்பது. ஒரே ஒரு இடத்துக்குப் போடலாம். கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்று அங்கேதான் சேர வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்கும் உதவித்தொகை குடும்பத்துக்குப் போதாது என்றால் மட்டும் விலகலாம். பிரவுனும் டார்ட்மவுத்தும் இந்த வகை. இன்னொன்று ஏர்லி ஆக்‌ஷன். விடை முன்னாலேயே வரும், ஆனால் கட்டுப்பாடு கிடையாது. மே 1 வரை யோசிக்கலாம். யேல் வைத்திருப்பது இதில் ஒரு நடுவகை. அங்கே போட்டால் மற்ற தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முன்சேர்க்கைக்குப் போடக்கூடாது, ஆனால் கிடைத்தாலும் சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை.

முந்தைய ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்தோம். டார்ட்மவுத்தில் முன்சேர்க்கைக்கு 3,550 பேர் போட்டு 606 பேருக்குக் கிடைத்தது: 17 சதவீதம். பிரவுனில் 6,251-க்கு 898: 14 சதவீதம். யேலில் 7,856-க்கு 709: 9 சதவீதம். அதே ஆண்டு யேலின் மொத்தச் சேர்க்கை விகிதம் 3.7, பிரவுனுடையது 5.2.

அப்பா உடனே சொன்னார்: "அப்போ டார்ட்மவுத்தான். பதினேழு இருக்கே."

எண்களை அப்படியே பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். இந்த இடத்தில்தான் மகள் குறுக்கே பேசினாள். அவள் பேசியதைச் சொல்லுமுன் அவளுடைய நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பள்ளிக்குப் போவது 29சி பேருந்தில். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தாமதமாக வந்து திட்டு வாங்குகிறவள். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறைக்குப் பிறகு, நிறுத்தத்தில் நிற்கும்போது ஒவ்வொரு 29சி-யும் வந்த நேரத்தை ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தாள். 14 மாதம் எழுதியிருக்கிறாள். மழை நாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடை, பள்ளி விடுமுறைக்கு ஒரு கோடு. சில பக்கங்களில் மை கரைந்திருக்கிறது. பேருந்துகள் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வருகின்றன, ஆகவே தான் சராசரியாக ஏழரை நிமிடம்தான் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நோட்டோ பதினொன்று என்றது. தன் எழுத்தில்தான் தப்பு என்று இரண்டு மாதம் தேடியிருக்கிறாள்.

தப்பு எழுத்தில் இல்லை. ஒரு பேருந்து 5 நிமிட இடைவெளியில் வருகிறது, அடுத்தது 25 நிமிடம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியின் சராசரி 15. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு நொடியில் நிறுத்தத்துக்கு வருகிறவர், ஆறில் ஐந்து பங்கு, அந்த 25 நிமிட ஓட்டையில்தான் விழுவார். அப்படி விழுந்தவர் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம் நிற்பார். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் காத்திருப்பு 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டிப்போவில் இருந்து பார்க்கும் சராசரி வேறு, நிறுத்தத்தில் நிற்கிறவளின் சராசரி வேறு. இது புள்ளியியலில் தெரிந்த விஷயம்தான், அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் இவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டு சொல்லிக் கொடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் கேட்டது இதுதான்: "அப்பா, இந்தப் பதினேழு யாரோட சராசரி? காலேஜ் பார்க்கிற சராசரிதானே? நான் எந்த வரிசையில நிக்கிறேன்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல பெற்றோருக்கு மணிக்கணக்கில் சொல்லிப் புரியாத விஷயம்.

எந்த வரிசை

முன்சேர்க்கைக்கு வருகிற கூட்டம் ஒரே கூட்டம் அல்ல. அதில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்த வீரர்கள் இருக்கிறார்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களுடைய கணக்கு தனி. ஹார்வர்டு மீதான வழக்கில் 2018-ல் நீதிமன்றத்துக்கு வந்த தரவுகளின்படி, அப்படித் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய மாணவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு. அது ஹார்வர்டு கணக்கு, மற்ற இடங்களில் எண் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

இது விகிதத்தை எப்படி இழுக்கிறது என்று நோட்டுக்குப் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தோம். வெறும் உதாரணக் கணக்கு. 1,000 பேர் போட்டு 90 பேருக்குக் கிடைக்கிறது, 9 சதவீதம். அதில் 60 பேர் முன்பே கை காட்டப்பட்டவர்கள், அவர்களில் 40 பேருக்கு இடம் என்று வைப்போம். மீதி 940 பேருக்கு 50 இடம். ஐந்து சதவீதம் சொச்சம். வெளியே தெரியும் ஒன்பது, உள்ளே நிற்கிறவளுக்குப் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

அதற்கு மேல் வெளிநாட்டு மாணவர் வரிசை. இதைப் பிரித்து வெளிப்படையாகச் சொல்வது எம்.ஐ.டி. மொத்தமாக 4.5 சதவீதத்தை ஒட்டிச் சேர்க்கும் அங்கே, வெளிநாட்டவருக்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைக்கிறது. இந்த மாதிரி இடங்களில் முதலாண்டு வகுப்பில் சுமார் பத்தில் ஒருவர்தான் வெளிநாட்டவர். இந்தியாவிலிருந்து போகும் விண்ணப்பங்கள் எத்தனை ஆயிரம் என்று யோசித்தால் வரிசையின் நீளம் தெரியும்.

இத்தனையும் கழித்துவிட்டு, அவளுடைய கோப்பில் இருந்ததைக் கூட்டினேன். யேலுக்கு நான் சொன்ன எண் இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம், அதுவும் எல்லாம் நன்றாக அமைந்தால். பிரவுனுக்கு ஆறு. டார்ட்மவுத்துக்கும் ஆறு. வெளியே 9, 14, 17 என்று ஏணிபோல் நின்ற எண்கள் உள்ளே வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. அந்தப் பச்சை வட்டம் போட்டவர்கள் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள், வரிசையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நகையை அடகு வைக்க வேண்டாம் என்று அன்றே சொல்லி அனுப்பினேன். அது ஒன்றை உருப்படியாகச் செய்தேன்.

பணம்

அடுத்த வாரம் அப்பா கேட்ட முதல் கேள்வி: "நீட் பிளைண்ட்னு போட்டிருக்கே டீச்சர், அதுக்கும் நீட் எழுதணுமா?"

நம் ஊரில் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். மருத்துவப் படிப்புக்கான அந்த நீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இந்த 'நீட்' ஆங்கிலத்தில் தேவை என்று பொருள். விண்ணப்பத்தைப் படித்து முடிவெடுக்கும்போது, இந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை தேவையா என்று பார்க்காமல் எடுப்பதுதான் அது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இந்தச் சலுகை உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தருபவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மவுத், போடோயின், அப்புறம் இன்னும் சில. பிரவுன் 2024-ல் போட்டவர்களிலிருந்துதான் இந்த வரிசையில் சேர்ந்தது. கார்னெல், பென்சில்வேனியா போன்ற மற்ற பெயர் பெற்ற இடங்களில், வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதுவும் முடிவில் ஒரு காரணமாகச் சேரும். அதிகம் கேட்கக் கேட்க வாசல் குறுகும்.

ஆண்டுச் செலவு இந்த இடங்களில் 90,000 டாலரை ஒட்டி. அன்றைய மதிப்பில் 75 லட்சம் ரூபாய். அப்பா தாளில் வகுத்துப் பார்த்தார். வீட்டின் பன்னிரண்டு வருட வருமானம், மகளின் ஒரு வருடத்துக்கு. எழுதிய பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது நமக்குச் சொன்னதில்லம்மா" என்றார் மகளிடம், மெதுவாக.

இல்லை, அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னது. முழுத் தேவையையும் ஈடுகட்டும் இடத்தில், குடும்பத்தால் முடியும் என்று அவர்கள் கணக்கிடும் பங்கு போக, அந்த 90,000-ல் மீதியை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் போட வேண்டிய இடங்கள் அந்தச் சின்னப் பட்டியலுக்குள் சுருங்கிவிடும். ஆக, வாய்ப்பைக் கணக்கிட முதலில் தேவைப்படுவது அப்பாவின் படிவம் 16, அதாவது சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் தாள். மதிப்பெண் பட்டியல் அதற்கு அடுத்துதான் வரும்.

கையெழுத்துப் போடுவதா

கட்டுப்படுத்தும் முறையில் போட்டால் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. முழு உதவி தேவைப்படும் குடும்பம், தேவையைப் பார்க்காத இடத்தில் போடுவதால் பண விஷயத்தில் இழப்பதும் அதிகமில்லை. பிரவுனா, யேலா என்று மூன்று வாரம் ஓடியது. உதவித் தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டவரை எடுக்க பிரவுன் அந்த ஆண்டுதான் ஆரம்பித்தது, ஆகவே விண்ணப்பங்கள் குவியும் என்று நான் கணித்தேன்.

எண்கள் ஒரு பக்கம் இருக்க, கடைசியில் முடிவைத் தீர்த்தது வேறு விஷயம். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம், நாம் சி.எம்.ஐ. என்று சொல்வது, அவள் மனதில் இரண்டு வருடமாக இருந்தது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு மே மாதம்தான். டிசம்பரில் பிரவுன் எடுத்துக்கொண்டால் சி.எம்.ஐ.யை எழுதவே கூடாது. "அங்க கிடைச்சா போவியா, கண்ண மூடிட்டு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "தெரியல மிஸ்" என்றாள்.

தெரியாதவள் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு சதவீதம் கூடுகிறது என்பதற்காக 17 வயதுப் பெண்ணிடம் மனதுக்குப் பொருந்தாத கையெழுத்தை வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. யேல் என்று முடிவானது. அந்த முறையில் வெளிநாட்டுக் கல்வி நிலையங்களுக்குப் போடத் தடையும் இல்லை, அவர்கள் கணக்கில் சிறுசேரி வெளிநாடு.

கோப்பைச் சீர் செய்தது

முதலில் அவள் நிரப்பிக் கொண்டுவந்த செயல்பாடுகள் பட்டியலில் பத்து இடமும் நிரம்பியிருந்தது. கீபோர்டு, யோகா, ஹிந்தி பிரச்சார சபாத் தேர்வுகள், பேச்சுப் போட்டி, மாவட்டச் சிலம்பம். பேருந்து நோட்டு நான்காவதாக, 'புள்ளியியல் திட்டப்பணி' என்று. பார்த்தால் பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் போலத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள்தான் இடம். அதில் 14 மாதம், ஒரு வழித்தடம், காத்திருந்த பெண், கணக்கு தப்பிய இடம், எல்லாவற்றையும் அடக்க இரண்டு மாலை ஆனது. கீபோர்டையும் யோகாவையும் எடுத்துவிட்டோம். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, அம்மாவின் தையல் கணக்கு எழுதுவது, இரண்டையும் சேர்த்தோம். வீட்டு வேலையும் அங்கே செயல்பாடுதான் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

கட்டுரையின் முதல் வரைவு ஒரு தலைவரின் பொன்மொழியில் ஆரம்பித்து நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று முடிந்தது. நல்ல பிள்ளை, நல்ல எண்ணம், ஆனால் அவள் அதில் இல்லை. ஐந்தாவது வரைவில்தான் குடைப் படம் வரைந்த பக்கம் வந்தது.

பரிந்துரைக் கடிதம்தான் பெரிய பாடு. கணித ஆசிரியர் முதலில் எழுதியது, உண்மையுள்ளவள், கீழ்ப்படிதல் உள்ளவள், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். நம் பள்ளிகளில் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கை. அவரிடம் போய், "சார், தமிழ்லயே எழுதுங்க. இவளைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு நாளை எழுதுங்க" என்றேன். அவர் எழுதித் தந்தது ஒன்றரைப் பக்கம். நிகழ்தகவில் அவர் போட்ட ஒரு கணக்குக்கு, மூன்றாம் நாள் காலை வகுப்பு வாசலில் வந்து நின்று, "சார், விடை சரி, ஆனா நீங்க சொன்ன காரணம் சரியில்ல" என்று சொன்னாளாம். அவர் அன்று இரவு உட்கார்ந்து பார்த்து, மறுநாள் வகுப்பில் அதை ஒத்துக்கொண்டாராம். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு தடவைதான் என்று எழுதியிருந்தார். பள்ளியின் ஆங்கில ஆசிரியை மொழிபெயர்த்தார், இருவரும் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டதால் இதுவும் ஒரு வாரம் தள்ளிப்போனது.

பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் அனுப்ப வேண்டும். இதை நம் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. இப்படி ஒரு படிவத்தைத் தலைமை ஆசிரியை அதுவரை பார்த்ததே இல்லை. பிளஸ் டூவில் எத்தனை மாணவியர், என்னென்ன பிரிவுகள், 600 மதிப்பெண் என்றால் என்ன, அமெரிக்கப் பள்ளிகளில் உள்ள கல்லூரித் தரப் பாடங்கள் இங்கே கிடையாது, இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதினோம். அங்கே படிப்பவர்கள் ஊர் ஊராகப் பிரித்துப் படிக்கிறார்கள். பள்ளியில் என்ன கிடைத்தது, அதில் இவள் எவ்வளவு எடுத்துக்கொண்டாள் என்றுதான் எடை போடுவார்கள். பள்ளி பேசாவிட்டால் அந்தத் தராசுக்கு ஒரு தட்டு இல்லை.

கடைசித் தேதி நவம்பர் 1. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, மறுநாளும் அரசு விடுமுறை. தலைமை ஆசிரியை 29-ஆம் தேதியே தன் பகுதியை அனுப்பிவிட்டார். மாணவி தன்னுடையதை 30-ஆம் தேதி இரவு, அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அனுப்பினாள்.

டிசம்பரும் அதற்குப் பிறகும்

முடிவு மார்கழி பிறந்த வாரத்தில், நம் நேரத்துக்கு விடியற்காலை மூன்றரைக்கு வந்தது. தெருக்கோயில் ஒலிபெருக்கி தொடங்கும்வரை காத்திருந்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். கிடைத்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தள்ளிவைப்பு. பொதுச் சுற்றில் மறுபடி பார்ப்பார்களாம். முந்தைய ஆண்டு யேலில் முன்சேர்க்கைக்குப் போட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு அப்போதே மறுப்பு, 20 சதவீதம் பேருக்குத் தள்ளிவைப்பு. ஆக, பத்தில் ஏழு பேர் விழுந்த இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அதைச் சொன்னேன். அவளுக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை, இருக்கவும் முடியாது.

அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் ஏழு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினாள். இது என் முதல் தவறு. அந்த ஏழு கட்டுரைகளையும் தீபாவளிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். கிடைக்க வாய்ப்பு இருபதில் ஒன்று என்று சொன்னவள் நான், மீதிப் பத்தொன்பதுக்கு நானே தயார் செய்யவில்லை. அரையாண்டில் 600-க்கு 574. வேதியியலில் மட்டும் 12 மதிப்பெண் போனது. அந்தப் பட்டியல் பிப்ரவரியில் யேலுக்குப் போயிற்று.

பிரவுன் பற்றிய கணிப்பு இரண்டாவது தவறு. விண்ணப்பம் குவியும் என்றேன். தேர்வு கட்டாயமானதால் முன்சேர்க்கை விண்ணப்பங்கள் 6,251-லிருந்து 5,048-ஆகக் குறைந்தன; 906 பேருக்குக் கிடைத்தது, 18 சதவீதம். யேலிலும் குறைந்து 6,729-க்கு 728, 10.8 சதவீதம். அவள் வரிசையில் அது எவ்வளவு மாற்றியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் கையெழுத்து வேண்டாம் என்ற முடிவை நான் மாற்றியிருக்க மாட்டேன்.

மார்ச் கடைசியில், பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த அந்த வாரம், யேல் இல்லை என்றது. ஏழில் ஒரு சிறிய கல்லூரி எடுத்துக்கொண்டது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். மூன்றாம் நாள் உதவித்தொகைக் கடிதம் வந்தது. முழுத் தேவையையும் ஈடுகட்டுகிறோம், குடும்பப் பங்கு ஆண்டுக்கு 9,000 டாலர் என்று. ஏழே முக்கால் லட்சம் ரூபாய். அந்தக் குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானமே 6,20,000 ரூபாய்தான்.

எங்கிருந்து வந்தது இந்த எண்? நிதிப் படிவத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். தாத்தா கட்டிய பெரம்பூர் வீட்டில் அப்பாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. நிலத்தின் இன்றைய சந்தை விலையைப் போட்டு அவர் நேர்மையாக எழுதியிருந்தார். அந்தப் பங்கை அவரால் விற்க முடியாது. பாட்டியும் சித்தப்பா குடும்பமும் அதில் குடியிருக்கிறார்கள். கல்லூரியின் சூத்திரத்துக்கு அது சொத்து. தேவை எவ்வளவு என்பதை அவர்கள் கணக்குதான் முடிவு செய்யும், நம் வீட்டு நிலவரம் அல்ல. இந்த ஒரு விஷயத்தை நான் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் பைக்குள் பத்திரத்தின் நகல் அன்றே இருந்தது. நான் சம்பளத்தைப் பார்த்தேன், பத்திரத்தைப் பார்க்கவில்லை. பாகப்பிரிவினை ஆகாதது, விற்க முடியாதது என்று முதலிலேயே ஒரு விளக்கக் கடிதம் இணைத்திருக்கலாம். மறுபரிசீலனை கேட்டு எழுதினோம். 6,500 டாலருக்கு இறங்கினார்கள், அதற்கு மேல் முடியாது என்றார்கள். ஐந்தரை லட்சம் ரூபாய், நான்கு வருடம்.

அப்பா கடன் வாங்குகிறேன் என்றார். வேண்டாம் என்று சொன்னது அவள்தான்.

மே 8-ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது, 588. அதே மாதம் சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வு எழுதினாள். இப்போது சிறுசேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் வந்தபோது அந்த நீள நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள், என்னிடம்தான் இருந்தது.

இந்த ஜூலையில் வியாசர்பாடியிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் மதிப்பெண் பட்டியலை எடுக்கப் போனார்கள். நான் முதலில் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன்.